எட்டாவது வீட்டுச் சோசாம்மா

பூட்டிய கேட்டின் முன் மூன்றாவது முறையாக நிற்கிறார் சோசாம்மா. பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் எட்டிப் பார்த்து, "நான் சொல்றேன் வாங்க, அவங்களப் பத்தி எனக்குத் தெரியாததா?" என்று கூப்பிட்டாலும் அசையமாட்டார். முதியவர்களின் தனிமையைக் கணக்கெடுக்க, எட்டு வீட்டுக்கு ஒரு வீடு என்று ஆய்வு மையம் குறித்துத் தந்திருக்கிறது. திறந்த வீடாகப் பார்த்து நுழைந்தால் கதவைத் திறப்பவர்களின் கதை மட்டும்தான் கிடைக்கும் என்பார்.

திருவல்லாப் பக்கத்தில் பத்தொன்பது வருடமாக இதே வேலை. ஐம்பத்தெட்டு வயது, ரெக்சின் பை, மடிப்புக் குலையாத பருத்திச் சேலை. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவார். உதடு மட்டும் அசையும். அதற்குள், வேலை பழகக் கூடப் போகும் நான் பதிலை எடுத்துக் கொடுத்தால் தொடையில் ஒரு கிள்ளு.

டீக்கடைப் பாப்பச்சன் அவரைச் சும்மா விடுவதில்லை. "பிள்ளைங்க வெளிநாடு போனா கெழடுங்க தனியாக் கெடந்து தவிக்கும். ஊருக்கே தெரிஞ்சதக் கேக்க ஒரு சம்பளமா, சோசாம்மே?"

"ஊருக்குத் தெரியும்ங்கறீரே, எத்தன வீட்டுல போய்க் கேட்டீரு?"

போன வருடக் கணக்கில், எங்கள் வார்டில் ரொம்பவும் தனிமை என்று சொன்னவர்கள் மகனோடும் மருமகளோடும் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள். அதைச் சொன்னதும் பாப்பச்சன் பேச்சை விட்டுவிட்டு டீயை ஆற்றத் தொடங்கினார். அவர் வீடும் அப்படித்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சோசாம்மா ஊரோடு சேர்ந்துகொள்வார். மகன் ஜிஜோ அயர்லாந்தில் நர்ஸ். "போனவன் போனதுதான் மோளே. பிள்ளைங்கன்னா அப்படித்தான், இதுல என்ன புதுசு?" என்பார். ஆனால் ஞாயிறுதோறும் குடம்புளி போட்டு அவனுக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்து, ஒரு கிண்ணம் தனியே எடுத்து மூடியும் வைப்பார்.

இந்த மாதம் எட்டாவது வீடாக விழுந்தது அவருடைய வீடே. தன்னைத் தானே கேட்டுக்கொள்ளக் கூடாதென்று அவரே மையத்துக்குச் சொல்லி, என்னை அனுப்பச் செய்தார். கட்டன்காப்பி கொடுத்துவிட்டு எதிரே அந்நியரைப் போல உட்கார்ந்தார்.

"கடைசி முப்பது நாள்ல மகன் எத்தன தடவ கூப்பிட்டாரு, சேச்சி?"

"சைபர்னு எழுது."

எழுதினேன். அடுத்த வரியையும் வாசித்தேன். "போனப் பாத்துச் சொல்றீங்களா?" எல்லா வீட்டிலும் அவர் கேட்பதுதான்.

"என் மகன எனக்குத் தெரியாதா?"

நான் பத்து வரை எண்ணினேன்.

கண்ணாடியை மாட்டினார். வேலை நேரத்தில் சத்தத்தை அணைத்துப் பைக்குள் போட்டுவிடும் போன் அது. ஜிஜோ, ஜிஜோ, ஜிஜோ என்று வரிசையாக, எடுக்காத அழைப்புகளின் சிவப்பு எழுத்து. பதினேழு. எல்லாம் அவர் யார் வீட்டு முற்றத்திலோ உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்த வேளைகள்.

"சாயங்காலம் பாப்பேன் மோளே. வேணும்னா இன்னொரு தடவ கூப்பிடட்டுமேன்னு விட்டுடுவேன்."

"நீங்க அவரக் கூப்பிட்டது?"

மறுபடி எண்ணினேன். அவர் எழுந்து, என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்தச் சைபரின் மேல் ஒற்றைக் கோடு இழுத்தார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார். மணி போய்க்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. பத்தைத் தாண்டியும் அவர் எண்ணுவதை அன்றுதான் பார்த்தேன்.