கடிதம் வாசிக்கிற முகம்

அப்பாவுக்கு வந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தின் உறையை இன்று கிழித்தபோது, அதன் கண்ணாடித்தாள் சரசரத்தது. உடனே மரிசோலின் ஞாபகம் வந்தது.

பிரெஞ்சு பேசும் நகரில், குடியேறிகள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் சிநேகிதிகள்; இரண்டு பேருக்கும் அப்போது பன்னிரண்டு வயது. அவர்கள் மெக்சிகோவிலிருந்து வந்த அகதிகள், நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து. இரண்டு வீட்டிலும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்வது பிள்ளைகள்தான். "முதல்ல மனசுக்குள்ள முழுக்க வாசி. முகத்தை மாத்தாதை" என்று எனக்குச் சொல்லித்தந்தவள் அவள்தான்.

ஒரு சனிக்கிழமை, காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் கடையில், அவளுடைய தாய் ஒரு கடிதத்தை நீட்டினார். மரிசோல் வாசித்துவிட்டு ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். தாய் சிரித்தார். சூடு ஆறாத துவாய்களை மடிக்கத் தொடங்கினார். என்னிடம் மட்டும் மரிசோல் பிரெஞ்சில் மெல்லச் சொன்னாள்: "எங்களை நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்போகினமாம். நாளைக்கு அம்மாவின்ர பிறந்தநாள். அது முடியட்டும்."

இன்று நானும் முழுக்க வாசித்தேன். முகத்தை மாற்றவில்லை.

"ஒண்டுமில்லை அப்பா. பேந்து சொல்லுறன்."

அப்பா என்னையே பார்த்தார். "நல்ல செய்தியெண்டா முதல் வரியிலயே கத்துவாய், பிள்ளை. சின்னனில இருந்தே எனக்குத் தெரியும்."

அப்படியென்றால், துவாய் மடித்த அந்தத் தாய்க்கும் அன்றைக்கே தெரிந்திருக்கும்.