பெத்தவளைக் கேளுங்க

எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஓர் ஆயா இருந்தார். குள்ளமான உருவம், சேலையை இழுத்துச் செருகியிருப்பார். பிள்ளை பிறந்ததும் வெளியே வந்து கதவில் சாய்ந்து நிற்பார். "என்ன பிள்ளை?" என்றால் பதில் வராது. "பெத்தவ எப்படியிருக்கா?" என்று யாராவது கேட்டால்தான் வாய் திறப்பார். என் மூத்த மகள் பிறந்தபோது எங்களைக் கால்மணி நேரம் நிற்கவைத்தார்.

இரண்டாவது பிரசவத்தில் நான் உஷாராகிவிட்டேன். அவர் தலை தெரிந்ததுமே, "பெத்தவ எப்படியிருக்கா? என்ன பிள்ளை?" என்று ஒரே மூச்சில் கேட்டேன்.

ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கிய. உள்ள போயி அவகிட்டயே கேளுங்க."

போனேன். என் மனைவி கண்மூடிக் கிடந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் பிள்ளை. ஆயா வாசலில் நின்று பார்ப்பது தெரிந்தும், என் கை முதலில் அந்தத் துணியை விலக்கத்தான் போனது.