வாலிநோக்கத்தில் நின்ற வண்டிகள்

காலை பத்தேகால் மணி. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். ராமநாதபுரம் கார் ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொகுதி எம்எல்ஏவின் ஆள் சைக்கிளில் வந்து, "சண்முகண்ணே, அய்யா கூப்பிடுறாக. கமுதியில ஒரு கல்யாணம். சாயந்தரம் வீட்டுக்கு வந்துரலாம்" என்றான்.

நம் ஓட்டுநர் சங்க மலருக்கு அனுபவம் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு எழுத எத்தனையோ உண்டு. மலைப்பாதையில் பிரேக் போனது, பாம்பன் காற்றில் வண்டி தள்ளாடியது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பேனாவை எடுத்தால் அந்தப் பத்தேகால் மணி மட்டும்தான் வருகிறது.

அன்று காலையில்தான் என் மகள் கலாவுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. ஐந்து வயது. கழுத்தைக் குனிய முடியவில்லை என்று அழுதாள். எம்எல்ஏ வீட்டுக்குப் போகும் வழியில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

"பஸ்ஸுல மதுரைக்குக் கூட்டிப் போயிக் காட்டவா?" என்று என் மனைவி வள்ளி கேட்டாள்.

"காய்ச்சக்காரப் பிள்ளைய எதுக்குக் கூட்டத்துல இடிபட வைக்கணும்? கமுதிக்குப் போயிட்டுச் சாயந்தரம் வந்துருவேன். வண்டியிலயே போயிருவோம்" என்றேன்.

எம்எல்ஏ வெள்ளை வேட்டியில் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டும்போது, "கீழக்கரை ரோட்டுல விடுப்பா" என்றார்.

"கல்யாணம் கமுதியிலன்னாகளே அய்யா?"

"கடக்கரைக்கு மாத்திட்டாங்கப்பா."

பின்சீட்டில் இருந்த அவருடைய ஆள் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன்.

ரோட்டர்

கீழக்கரை, ஏர்வாடி எல்லாம் கடந்து வாலிநோக்கத்தில், கடலைப் பார்த்த ஒரு பங்களா முன்னால் நிறுத்தச் சொன்னார்கள். உப்பளக்காரர் ஒருவருடையது. மழைத் தண்ணீர் இன்னும் பாத்திகளில் தேங்கிக் கிடந்தது. எனக்கு முன்பே சில அம்பாசிடர்கள் அங்கே நின்றன. வராந்தாவில் வேறு தொகுதி எம்எல்ஏக்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆளும் கட்சி இரண்டாகப் பிளந்திருந்த நேரம் அது. சட்டமன்றத்தில் பெரும்பான்மையைக் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் பிடித்தார்கள். பிடித்த ஆள் மறுபக்கம் தாவிவிடாமல் அடைத்து வைத்தார்கள். இந்த பங்களா ஒரு பக்கத்தாரின் பட்டி.

காவலுக்கு இருந்தவர்களுக்குத் தலைவன் துரை. கையில் ஒரு தூக்குச்சட்டியோடு வந்து, "ஏலே டிரைவர்மாரு, அவங்கவங்க வண்டி ரோட்டரக் கழத்தி இதுக்குள்ள போடுங்க" என்றான்.

இளைய ஓட்டுநர்களுக்கு ரோட்டர் தெரியாது. பழைய பெட்ரோல் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே சுற்றும் சின்னச் சாமான். அது இல்லாவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் போகாது. வண்டி திருடு போகக் கூடாதென்று ராத்திரியில் நாங்களே கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வோம். அன்றைக்கு எங்களையே திருடர்களாக்கிக் கழற்றி வாங்கினார்கள்.

எங்களில் மூத்தவர் கீழக்கரை காதர் பாய். ரோட்டரைச் சட்டிக்குள் போட்டுவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதக் கழத்துனா வண்டி ஓடாது. உங்க எம்எல்ஏமாருக்கு எதக் கழத்துவீங்க?"

"அவுகளுக்குத்தான் மூணு வேளையும் கறிச்சோறு போடுறோம்ல பாய்" என்றான் துரை.

சாயந்தரம் ஆயிற்று. நான் துரையிடம் போய், பிள்ளைக்குக் காய்ச்சல், என்னை மட்டும் விட்டுவிடு என்றேன்.

"ஒன்னய விட்டா அந்தப் பக்கத்துக்காரங்கிட்டப் போயி எடத்தச் சொல்லிருவ."

"நான் டிரைவருண்ணே. எனக்கு எந்தப் பக்கமும் கெடையாது."

"அதாம்லே பயமாருக்கு. ஒரு பக்கமா இருக்கவனக் கூட நம்பிரலாம்."

மறுநாள் வண்டியை விட்டுவிட்டு நடந்தே போய்விடலாம் என்று உப்பளத்து வரப்பில் இறங்கினேன். இரண்டு பேர் ஓடிவந்து தோளில் கைபோட்டுத் திருப்பிக் கூட்டி வந்தார்கள். அடிக்கவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ராமநாதபுரம் போகும் ஆள் மூலமாக வீட்டில் சேதி சொல்லிவிட்டதாகத் துரை சொன்னான். கையெடுத்துக் கும்பிட்டேன்.

காதர் பாய்தான் என்னைத் தனியே கூப்பிட்டு, "சொல்லிருக்க மாட்டாங்ய தம்பி" என்றார். "எம்எல்ஏவக் கூட்டிட்டுப் போன டிரைவரு நீயிண்டு ஊருக்கே தெரியும். ஒன் வீட்ட அந்தப் பக்கத்து ஆளு பாத்துக்கிட்டே இருப்பான். இங்கேர்ந்து ஒருத்தன் போனா, பின்னாலேயே வந்து எடத்தக் கண்டுபிடிச்சிருவான்ல?"

எம்எல்ஏவிடமே கேட்டேன். சீட்டுக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "எனக்கும் பேத்தி இருக்குதுப்பா. நான் பேசுறேன்" என்றார். தினமும் அதையே சொன்னார். கெட்ட மனிதர் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் என் தோளைத் தட்டி அவர் பங்குச் சுக்காவை எனக்கு வைக்கச் சொன்னார். காய்ச்சல் விட்டிருக்கும் என்று ஒரு வாய், விட்டிருக்காது என்று ஒரு வாய் சாப்பிட்டேன்.

சேதுக்கரை

தை அமாவாசை வந்தது. காலையில் எம்எல்ஏ துரையைக் கூப்பிட்டார். "எங்க அய்யாவுக்குத் திதி குடுக்கணும். சேதுக்கரைக்குப் போயிட்டு வாரேன்."

"இங்கனயே கடல் கெடக்குதுல்லண்ணே."

"ஏலே, தை அமாவாசைக்கு அப்பனுக்கு எள்ளுத் தண்ணி எறைக்க விடாமப் பண்ணுனா நீ வெளங்குவியா? ஒன் பிள்ளகுட்டி வெளங்குமா?"

துரையின் முகம் மாறிவிட்டது. மற்ற எதையும் மறுப்பான். இதை மறுக்க எங்கள் சீமையில் யாருக்கும் துணிச்சல் வராது. தூக்குச்சட்டியிலிருந்து என் ரோட்டரை எடுத்துக் கொடுத்து, காவலுக்கு ஒருவனையும் ஏற்றி அனுப்பினான்.

வண்டியில் ஏறும் முன் எம்எல்ஏ என் காதருகே சொன்னார்: "சேதுக்கரையில இவனக் கழத்தி விட்டுருவேன். நேரா ஒன் வீட்டுக்குத்தான் போறோம். பிள்ளைய ஏத்திக்கிட்டு மதுரைக்கு ஓட்டு. பெரியாஸ்பத்திரியில நானே சொல்லுறேன்."

நான் நம்பினேன். அந்த ரோட்டில் அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்பும் ஓட்டியதில்லை, பின்பும் ஓட்டியதில்லை.

சேதுக்கரையில் ஆள் அடையாளம் தெரியாத கூட்டம். எம்எல்ஏ சட்டையையும் செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் காவல்காரன் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சிரு" என்று தண்ணீரில் இறங்கினார். கூட்டத்துக்குள் முழுகியவர் வேறு பக்கமாகக் கரையேறி, ஈர வேட்டியோடு வண்டிக்கு ஓடி வந்தார். "எடுப்பா!"

திதி கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

ராமநாதபுரம் நெருங்கியதும் அவர் குரல் மாறியது. "ஊருக்குள்ள வேணாம்ப்பா. மடக்கிருவாங்க. கமுதிப் பக்கம் பிரியுற ரோட்டப் பிடி. அதுல கொஞ்ச தூரம் தள்ளி அந்தப் பக்கத்துக் கார் நிக்குது. என்னய விட்டுட்டு நீ திரும்பிரு."

"பிள்ளைய ஏத்திக்கிருவோம்னு சொன்னீகளே அய்யா?"

"மந்திரி பதவின்னு சொல்லிருக்காங்கப்பா. மந்திரியாயிட்டா ஒன் பிள்ளைக்கு மெட்ராஸ்லயே வைத்தியம் பாக்கலாம்."

ரோடு பிரியும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"எறங்குங்கய்யா."

"ஏப்பா, ஆட்சியே இப்ப என் ஒருத்தனாலதான் நிக்குது, தெரியுமா?"

"எம் பிள்ள காய்ச்சல்ல கெடக்குதுய்யா."

ரோட்டை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு இறங்கினார். ஈர வேட்டி, வெறும் உடம்பு, தோளில் ஒரு துண்டு. வண்டியை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தபோது, கரிமூட்டை ஏற்றி வந்த ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்.

என் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு சுப்பம்மாக்கா வெளியே வந்தார். "எங்கப்பா போன? 'வண்டி வந்துரும், வண்டி வந்துரும்'னு வாசல்லயே உக்காந்திருந்துச்சு வள்ளி. இங்கன டாக்டருகிட்டக் காட்டுனதுக்கு மதுரைக்குக் கொண்டு போங்கன்னாக. அப்பயும் 'அவுக வண்டியக் கொண்டுக்கிட்டு வந்துருவாக'ன்னுச்சு. நேத்து பிள்ளைக்கு வெட்டி வெட்டி இழுக்கவும்தான் பஸ்ஸுல தூக்கிட்டு ஓடுச்சு."

காலி வண்டியை மதுரைக்கு ஓட்டினேன்.

மூளைக்காய்ச்சல் என்றார்கள். பிழைத்துவிடுவாள் என்றும் சொன்னார்கள், பிழைத்தாள். அவள் கண் திறந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய நாட்களில் ஆட்சி கவிழ்ந்துவிட்டது. வார்டில் யாருடைய டிரான்சிஸ்டரிலோ செய்தி வந்தது. ஒருவரும் தலை நிமிரவில்லை. எங்கள் எம்எல்ஏ கரி லாரியில் போய் அந்தப் பக்கம் சேர்ந்து, சென்னைக்குப் போன பிறகு மறுபடி இந்தப் பக்கமே வந்துவிட்டார் என்று காதர் பாய் பின்னால் சொன்னார். இரண்டு பக்கமுமே நிற்கவில்லை. யாருக்காக எங்களை அடைத்து வைத்தார்கள்?

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, கட்டிலுக்குப் பின்னால் நின்று "கலா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

வள்ளி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "கத்தாதீங்க. முந்தாநாள்லருந்து நானும் கத்திப் பாத்துட்டேன். ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

பாடம்

இந்த இடத்தில் இளைய ஓட்டுநர்களுக்கு ஒரு பாடம் சொல்ல வேண்டும். சவாரிக்குப் போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று எழுதலாம். நானும் சொல்லிவிட்டுத்தான் போனேன். எனக்குச் சொன்ன இடமே பொய். அரசியல்வாதிக்கு வண்டி ஓட்டாதீர்கள் என்று எழுதலாம். ஓட்டாமல் எங்கள் ஊரில் யார் பிழைத்தார்கள்? எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான். வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். யார் கூப்பிட்டாலும் சரி.

கலா இப்போது தையல் தைக்கிறாள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். கல்யாணப் பேச்சு வருகிறது, காது விஷயம் தெரிந்ததும் போய்விடுகிறது. அவள் தெருவில் இறங்கினால் நான் இன்றைக்கும் நாலடி தள்ளிப் பின்னாலேயே நடக்கிறேன். வண்டிக்காரன் ஹார்ன் அடிப்பான், அவள் விலகமாட்டாள். திமிர் பிடித்தவள் என்று நினைத்துத் திட்டுவான். அந்த ஹார்னை எத்தனை பேரைப் பார்த்து நான் அடித்திருக்கிறேன்.

அன்று ஆட்சி கவிழ்ந்ததை அடுத்து வந்த தேர்தலில் அந்த எம்எல்ஏ மூன்றாவதாக ஒரு கட்சியின் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே வள்ளி எழுந்து உள்ளே போய்விட்டாள். கலா வாசலில் மண்ணில் கோடு போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். மேளம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் நிமிரவில்லை.

அவர் குனிந்து அவள் தலையைத் தடவி, "பாப்பா, பேரென்ன?" என்றார். யாரோ தொட்டதில் பயந்து என்னிடம் ஓடி வந்தாள். "கூச்சப்படுது" என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். பிறகு என்னை அடையாளம் கண்டு, கும்பிட்ட கையை இறக்காமல் கிட்டே வந்தார்.

"சண்முகம்தான? அன்னைக்கு நடுரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போனயில்ல" என்றார் சிரித்துக்கொண்டே. "நான் அதெல்லாம் மனசுல வச்சுக்கிடலப்பா."