இரண்டு முறை மாட்டிய கடிகாரம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டுக் கடிகாரம் ஃபிரிட்ஜின் மேல் மல்லாந்து படுத்திருந்தது. மணி பார்க்க வேண்டுமானால் நாற்காலி போட்டு ஏறி எட்டிப் பார்க்க வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி தரையில் நின்று சுவரில் சாய்ந்திருந்தது. அம்மா அதன் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொட்டு வைப்பாள். நான் குந்தி உட்கார்ந்து தலை சீவுவேன். வசதி இல்லாத வீடு ஒன்றும் இல்லை. குத்துக்கல்வலசையில் புதிதாகக் கட்டிய வீடு, தரையெல்லாம் டைல்ஸ், ஹாலில் இரண்டு ஃபேன். சுவரில் மட்டும் ஒன்றும் இருக்காது.

காரணம் அப்பா. அவர் மஸ்கட்டில் இருந்தார். அவர் உழைப்பில் எழும்பிய வீட்டுக்குப் பால் காய்ச்ச அவருக்கே லீவு கிடைக்கவில்லை. டைல்ஸ் நிறம், கதவு வேலைப்பாடு, பெயிண்ட் என்று எதைக் கேட்டாலும் போனில் "ஒன் இஷ்டம்" என்று அம்மாவிடம் விட்டுவிடுவார். ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். "செவுத்துல ஒண்ணும் மாட்டாண்டாம். நான் வந்து மாட்டுதேன்." எப்போது வருவார் என்பது கம்பெனியின் கையில் இருந்தது. அங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கம்பெனில இருக்காவ" என்று அம்மா சொல்வாள், நானும் அதையே சொல்வேன். வரும்போது என்ன கொண்டு வருவார் என்பதைத் தவிர அப்பாவைப் பற்றி வேறெதையும் தெரிந்துகொள்ள எனக்குத் தோன்றியதில்லை.

அப்படியே ஓடியிருக்கும். சாரல்தான் காரியத்தைக் கெடுத்தது. சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொந்தபந்தம் திடீரென்று பெருகிவிடும். அந்த வருஷம் முதலில் வந்தது கடையத்து அத்தை, அப்பாவின் அக்கா. குடும்பத்தோடு குற்றாலத்தில் குளித்துவிட்டு நனைந்த துணி மூட்டையோடு வந்து இறங்கினாள். துண்டைத் தொங்கவிட ஒரு கொக்கி கிடையாது. நாற்காலி, கதவு, கேஸ் சிலிண்டர் என்று எல்லாவற்றின் தலையிலும் ஈரத்துணி ஏறியது. ஜன்னலுக்குத் திரை இல்லாததால் ஒட்டியிருந்த பேப்பர் சாரல் பட்டு உரிந்து தொங்கியது. அத்தை வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியின் முன் நின்றாள். "கண்ணாடிய யாருக்கு வச்சிருக்க, பூனைக்கா?" என்று கேட்டாள். அம்மாவும் கூடச் சிரித்தாள். அத்தையின் வேன் தெருமுனை திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாளே மாமா வந்தார். மாமா அம்மாவின் தம்பி, தென்காசியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கையில் ஒரு சின்ன டிரில்லிங் மிஷின், வயர் இல்லாதது, பிடியின் அடியில் பேட்டரி. வீட்டுக்கு ஒயரிங் செய்த எலெக்ட்ரீசியன் அண்ணாச்சியின் மிஷினை நான் பார்த்திருக்கிறேன். அது ஓடினால் பல் கூசும், பக்கத்து வீட்டுப் பாத்திரம் ஆடும். அதற்கு முன்னால் இது விளையாட்டுச் சாமான் போலத்தான் இருந்தது. "ஒரு வாரம் வச்சுப் பாருக்கா. ஒத்து வந்தா எடுத்துக்கோ, இல்லன்னா தந்துரு" என்றார் மாமா. அவர் எதையும் இப்படித்தான் விற்பார். திருப்பிக் கொடுத்தவர்கள் குறைவு.

அம்மா மிக்ஸி வாங்கப் போனவள் மாதிரி அதைச் சோதித்தாள். வெறுமனே ஓட்டிச் சத்தம் கேட்டாள். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கை வலிக்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். மாமா சொன்ன வோல்ட்டு கணக்கு எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பாதி வேலையில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது, முனை தேய்ந்தால் தனியாகக் கிடைக்குமா என்று இரண்டே கேள்விகள்தான் கேட்டாள். பிறகு கொல்லையில் கிடந்த மிச்சப் பலகையில் ஒன்று, செங்கலில் ஒன்று என்று ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

முதல் ஓட்டை கடிகாரத்துக்கு. முனை வழுக்கிப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டது. கடிகாரம் மறைத்துக்கொள்ளும் என்பதால் அம்மா கவலைப்படவில்லை. மேல்பூச்சு தாண்டும்வரை மிஷின் முனகியது, செங்கலைத் தொட்டதும் சிவப்புப் பொடி கொட்டியது. அந்த மிஷினே ஸ்க்ரூவையும் முடுக்கும் என்று மாமா சொல்லியிருந்தார். முடுக்கிய வேகத்தில் ஓட்டைக்குள் வைத்த பிளாஸ்டிக் பிளக் சேர்ந்து சுற்றிப் பாழாய்ப் போனது. அடுத்ததை அம்மா திருப்புளியால் கையாலேயே முடுக்கினாள். கடிகாரம் ஏறியது. கண்ணாடி ஏறியது. சமையலறையில் மசாலா டப்பா வைக்கும் தட்டும் ஏறியது. அன்று நான் நின்றுகொண்டே தலை சீவினேன். எனக்கு அது பெரிய மனுஷி ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

ஜன்னல் திரைக்கான கம்பியில்தான் மிஷின் மாட்டிக்கொண்டது. ஜன்னலுக்கு மேல் காங்கிரீட் லிண்டல் ஓடுகிறது. அம்மா எவ்வளவு அழுத்தினாலும் மிஷின் கத்தியதே தவிர முனை உள்ளே போகவில்லை. கருகல் வாடை வந்தது. இரண்டு மூன்று இடத்தில் சுவர் கொத்துப்பட்டதுதான் மிச்சம். அம்மா மிஷினை மேஜையில் வைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னாள். "செங்கலுக்கு ஆவும். காங்கிரீட்டுக்கு ஆவாது. நமக்கு இது போதும்."

அன்று சாயங்காலம் அப்பா வீடியோ காலில் வந்தார். லீவு கிடைத்துவிட்டதாம், அந்த வாரக் கடைசியிலேயே வருகிறாராம். முகம் திரை முழுக்க இருந்தது. பிறகு முகம் விலகி ஒரு சின்ன டிரில்லிங் மிஷின் வந்தது. நிறம் வேறு, மற்றபடி எங்கள் மேஜையில் இருந்ததன் கூடப்பிறந்தது. "ஏளா, பாத்தியா? பெட்டிக்குள்ள அடங்குத மாதிரி வாங்கிருக்கேன். வந்த மறுநாளே வீடு பூரா மாட்டிருதேன்." எதுவும் மாட்டாத சுவரைத் தேடி அம்மா போனோடு ஹாலிலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து கொல்லைக்கும் போய்விட்டாள். கடைசியில் தென்னை மரத்தின் முன் நின்றுதான் பேசி முடித்தாள்.

திரும்பி வந்தவள் நேராகக் கண்ணாடியைக் கழற்றினாள். கடிகாரம் ஃபிரிட்ஜுக்குப் போனது, மசாலாத் தட்டும் இறங்கியது. மிஷினை மாமா கடைக்கே அனுப்பிவிட்டாள். பெயிண்ட் அடித்தபோது மிஞ்சிய பட்டி மாவைக் குழைத்து எல்லா ஓட்டைகளையும் அடைத்தாள். லிண்டல் காயத்தையும் விடவில்லை. சாரல் நேரத்தில் பட்டி லேசில் காயாது, டேபிள் ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். நான் அழுதேன். கிடைத்த கண்ணாடி பறிபோன ஆத்திரம். "ஏட்டி, அப்பாட்ட மூச்சு விடப்படாது, கேட்டியா" என்றாள். அப்பாவுக்கு அம்மா பயப்படுகிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு அப்பாவை ஏமாற்றப்போகிறாள் என்று தோன்றியது. பாவம் அந்த மனுஷர், கடல் தாண்டி மிஷின் தூக்கிக்கொண்டு வருகிறார், அவருக்கென்று ஒரு ஓட்டை கூட மிச்சமில்லை. அவரைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்பா திருவனந்தபுரத்தில் இறங்கிச் செங்கோட்டை வழியாகக் காரில் வந்தார். பெட்டியிலிருந்து சாக்லேட் வெளியே வந்ததும் உண்மை கொஞ்சம் தள்ளிப்போனது. மறுநாள் காலையில் சாரத்தை இடுப்பில் மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் மிஷினோடு ஹாலின் நடுவில் நின்றார். மாமாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். எங்கள் வீட்டுக்கே மிஷின் கொடுத்த கையோடு, "அத்தான், இதெல்லாம் இந்த ஊருல கெடைக்கவே கெடைக்காது" என்று கூசாமல் சொன்னார். அப்பா எங்கே மாட்டுவது என்று அம்மாவைக் கேட்டார். அம்மா விரலால் காட்டிய இடம் அதே இடம்.

மிஷின் ஓடியது. முனகவே இல்லை. முனை சட்டென்று உள்ளே போய்விட்டது. அப்பா வெளியே இழுத்தார். சிவப்புப் பொடி வரவில்லை. இன்னும் முழுசாகக் காயாத பட்டி, வெள்ளை வெளேரென்று முனையில் அப்பியிருந்தது. அப்பா அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "அப்பா" என்றேன். "என்னட்டி?" என்று திரும்பினார். அடுப்படி வாசலில் அம்மா கரண்டியோடு நின்றாள். அவள் முகத்தில் அதட்டல் இல்லை. அழப்போகிறவள் மாதிரி இருந்தாள், அதுதான் என் வாயை அடைத்தது. "கீழ பேப்பர் விரிக்கவா?" என்று கேட்டேன்.

அப்பா முனையைச் சாரத்தில் துடைத்தார். "நல்ல மிஷினு. நல்லா போகுது" என்றார். கடிகாரத்தை மாட்டி, பின்னால் போய் நின்று பார்த்து, திரும்ப வந்து கொஞ்சம் நேராக்கினார். கண்ணாடிக்கு அம்மா இடம் காட்டியபோது சுவரைக் கட்டைவிரலால் தடவி, சரியாக அடைத்த இடத்திலேயே முனையை வைத்தார். இவ்வளவு வெகுளியாக ஒரு அப்பா இருப்பாரா என்று எனக்கு வருத்தமாக இருந்தது. ஜன்னலுக்கு வந்தபோது இனி எப்படியும் அசிங்கப்படப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். டொக் டொக் என்று விரல்முட்டியால் தட்டும் சத்தம் கேட்டது. "இங்கன காங்கிரீட்டு, ஏறாது. நாலு விரக்கட மேல போவோம்" என்றார். லிண்டலுக்கு மேலே செங்கலில் முனையை வைத்தார். சிவப்புப் பொடி கொட்டியது. கம்பி உயரமாகப் போனதால் திரை கீழே குறைந்தது. அம்மா அதன் மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தாள்.

தட்டிப் பார்த்தே காங்கிரீட் என்று அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று நான் யோசிக்கவில்லை. சில வருஷம் கழித்து அவர் ஊரோடு வந்துவிட்டார். இப்போது தென்காசி, இலஞ்சிப் பக்கம் யார் வீட்டில் திரைக்கம்பி, அலமாரி, டிவி மாட்ட வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். மஸ்கட்டிலும் அதுதான் வேலை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாடி மாடியாக அடுத்தவர் குடியிருப்புகளில் கடிகாரமும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பட்டிக்கும் செங்கலுக்கும் வித்தியாசம் தெரியாதவர் அந்த ஹாலில் யாருமே இல்லை. அன்று வெகுளியாக இருந்தது நான் ஒருத்திதான்.

போன சாரலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றக் கீழே இறக்கியபோது ஸ்க்ரூவைச் சுற்றி அந்த வெள்ளை வட்டம் தெரிந்தது, பக்கத்தில் முதல் நாள் வழுக்கிய கோடும் இருந்தது. "அது பட்டின்னு அப்பாக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்லாம்மா?" என்றேன்.

"தெரியாமலா? அதுதான அவியளுக்குச் சோலியே" என்றாள் அம்மா.

"தெரியும்னு தெரிஞ்சும் பொறவு எதுக்கு அடைச்ச?"

அம்மா கடிகாரத்தை என் கையிலிருந்து வாங்கி முந்தானையால் துடைத்தாள். நான் மாட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன். அவள் தரவில்லை. வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, கடியாரம் கீழ கெடக்கு. வந்து மாட்டிட்டுப் போங்க."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.