அத்தை உரித்த சுளைகள்

எங்கள் அத்தை சாத்துக்குடி உரிப்பதைப் பார்த்திருந்தால் நீங்கள் விளையாடப் போவதையே மறந்திருப்பீர்கள். நான் மறந்திருக்கிறேன். தோலையும் அதன் அடியில் இருக்கும் வெள்ளைப் பஞ்சையும் கத்தியால் நாடா மாதிரி சீவி எடுப்பாள். பிறகு சுளையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை நகத்தால் கீறி, உள்ளே இருப்பதை மட்டும் முழுசாக வெளியே எடுப்பாள். கொஞ்சமும் உடையாது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் காசம் என்கிற நெஞ்சு நோய்க்காக நெடுநாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சாத்துக்குடிதான் வாங்கி வருவார்களாம். எழுந்து உட்கார முடியாத பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு உரித்துக் கொடுத்துக் கொடுத்தே அவளுக்கு அந்தக் கை வந்தது. நோய் முழுக்கக் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். இருந்தாலும் அத்தை தெருவில் வந்தால் சிலர் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். புழுதிக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் பெண்கள் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை. வழக்கமாகக் காப்பியும் முறுக்கும்தான் கொடுப்பார்கள். அத்தை தயங்கித் தயங்கி, தான் ஏதாவது பழம் உரித்து வைக்கட்டுமா என்று கேட்டாள். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அப்பாவை மார்க்கெட்டுக்கு அனுப்பினாள். முடிச்சூரிலிருந்து பால் கொண்டுவருகிறவர் தன் தோட்டத்துப் பம்பளிமாஸ் ஒன்றைக் கொடுத்தார். என் தலை அளவு இருந்தது.

காலை முழுக்க அத்தை உரித்தாள். கண்ணாடிக் கிண்ணத்தில் ஓரமாகச் சாத்துக்குடி, அதற்குள்ளே கமலா ஆரஞ்சு, நடுவில் பம்பளிமாசின் ரோஸ் சுளைகள். மேலே கொஞ்சம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, மாதுளை முத்து, நாலு புதினா இலை. எங்கள் கோயிலின் வண்ணக் கண்ணாடி ஜன்னலை வட்டமாக வெட்டி வைத்தது போல இருந்தது.

ஜெபம் முடிந்ததும் அத்தை கிண்ணத்தோடு வந்து நின்றாள். முதலில் உட்கார்ந்திருந்தவர் தனக்குப் புளிப்பு ஆகாது என்றார். அடுத்தவர் இருமல் என்றார். அதுவரை அவர் ஒரு தரம்கூட இருமவில்லை. மூன்றாமவர் உபவாசம் என்றார். அவர் கையில் பாதி கடித்த முறுக்கு இருந்தது. ஒவ்வொருவர் வேண்டாம் என்கிறபோதும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மிஞ்சுவதெல்லாம் எனக்குத்தானே. அத்தை மட்டும் கரண்டியில் எடுத்த சுளையை ஒவ்வொரு தரமும் கிண்ணத்திலேயே திரும்ப வைத்தாள்.

அம்மா எழுந்தாள். அவள் இடுப்பில் ஒன்றரை வயசுத் தம்பி.

"உன் கையாலயே இவனுக்கு ஊட்டு" என்று அத்தையிடம் சொன்னாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "ஏதாவது ஒட்டிக்கும்னா, முதல்ல என் புள்ளைக்கு ஒட்டட்டும்" என்றாள்.

அத்தை ஒரு சுளையைக் கிள்ளித் தம்பியின் வாயில் வைத்தாள். அவன் மூஞ்சியைச் சுளித்தான். உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினான். உடனே மறுபடியும் வாயைத் திறந்தான்.

மூலையில் இருந்த ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, சிரித்துவிட்டார். தட்டை நீட்டி, "எனக்கும் வைம்மா. அந்த ரோஸ் சுளை ரெண்டு சேர்த்து வை" என்றார்.

பிறகு புளிப்பு ஆகாதவர் நீட்டினார். இருமல்காரர் நீட்டினார். உபவாசக்காரர் இரண்டு தரம் நீட்டினார்.

எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு சாத்துக்குடிச் சுளை. அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தால் கிண்ணம் அப்படியே நமக்கு மிஞ்சியிருக்குமே என்று, அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை. அத்தைக்கோ அந்த ஒரு சுளைகூடக் கிடைக்கவில்லை. அடியில் தேங்கிய சாற்றையும் எனக்கே கொடுத்துவிட்டு, காலிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். தனக்கு ஒன்றுமே மிஞ்சாததற்கு ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.