நாரையைக் காப்பாற்றப் போன காலை

இன்று காலை பறவை பார்க்கப் பெருமாள் ஏரிக்குப் போனோம். நானும் என் மனைவியின் தம்பி சேகரும். புதுக் கயாக் படகு, கழுத்தில் பைனாகுலர்.

இரண்டு நீர்க்காகம் பார்த்திருப்போம். குச்சிகளில் கட்டியிருந்த மீன்வலையில் ஒரு பெரிய நாரை கால் சிக்கி, இறக்கையை அடித்துக்கொண்டு கிடந்தது.

"செத்துடும் மாமா. நீங்க இறக்கைய அமுக்குங்க, நான் வலைய அறுக்குறேன்."

அமுக்கினேன். கத்தியோடு குனிந்தவன் புருவத்தில் நாரை ஓங்கி ஒரு கொத்து கொத்தியது. ஒரு விரல் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். முகமெல்லாம் ரத்தம். அவன் விடவில்லை. வலையை அறுத்து முடிக்கவும், நாரை என் மார்பில் உதைத்து எழும்பவும், கயாக் கவிழவும் சரியாக இருந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கரையேறினால், வலைக்காரர் காத்திருந்தார்.

"எவன் வலைய எவன்டா அறுக்குறது?" பளாரென்று சேகர் கன்னத்தில் ஒன்று விட்டார்.

"அண்ணா, அதுவும் ஒரு உசுருண்ணா!" என்று நடுவில் புகுந்தேன்.

என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஏரிப்பக்கம் திருப்பினார். "நல்லா பாருடா உன் உசுர."

நாங்கள் காப்பாற்றிய நாரை அதே வலையின் மறுகோடியில் நின்று, சிக்கியிருந்த மீனைக் குத்திக் குத்தி உருவிக்கொண்டிருந்தது.

கடலூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்ட நர்ஸ் கேட்டார்: "யாரு அடிச்சது?"

சேகர் சொன்னான்: "கன்னத்துல வலைக்காரரு, சிஸ்டர். புருவத்துல, நாங்க காப்பாத்துனவரு."

காப்பாற்றப் போய் உதை வாங்கியவர்கள் கமெண்டில் வாருங்கள். சேகருக்குத் துணைக்கு ஆள் தேவை.