இரண்டாயிரம் கிலோமீட்டர் தாமதம்

தானாகக் கியர் மாறுகிற ஆட்டோ காருக்குக் கியர் எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை. ஒரு கிலோமீட்டர்கூடத் தள்ளக்கூடாது. கார் ஓட்டவே தெரியாத என் பெரியம்மா மகள்கூடச் சொல்வாள். இத்தனை பேருக்கு இந்த அறிவு வந்ததற்கு நான்தான் காரணம். அது அவர்களுக்குத் தெரியாது.

கல்யாண வீடுகளிலும் பிறந்தநாள் வீடுகளிலும் மைக்கைப் பிடித்துச் சிரிக்க வைக்கிறவன் நான். வயது ஐம்பத்திரண்டு. பகலில் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் பெட்டிகளை எண்ணுகிறேன். துக்க வீட்டில் நான் ஒரு வார்த்தை பேசினால்கூட நாலு பேருக்குத் தோள் குலுங்கும். மற்றவர்கள் அழுகை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தக் காரைப் பத்து வருடம் வைத்திருந்தேன். எஞ்சின் எண்ணெயை ஒழுங்காக மாற்றினேன். கியருக்குத் தனியாக ஓர் எண்ணெய் இருக்கிறது என்பதே காருக்கு ஆறு வயதானபோதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு, இவ்வளவு நாள் ஓடிவிட்டது, இனிமேல் எதற்கு என்று விட்டுவிட்டேன். என் கடைவாய்ப் பல்லுக்கும் அப்படித்தான் செய்தேன். அந்தப் பல் இப்போது இல்லை.

விற்கலாம் என்று நினைத்தபோது மீட்டரில் ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் இருந்தது. தஞ்சோங் கிளிங்கிலிருந்து ஒருவர் போனில் விளம்பரத்தைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை எனக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்த இன்னொருவர் மடிக்கணினியோடு வந்தார். முடி வெட்டுகிறவர் கேட்பதுபோல எவ்வளவு குறைக்கணும் என்று கேட்டார். மீட்டரில் அறுபதாயிரம் நின்றால் போதும் என்றேன். பத்து நிமிடத்தில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் காணாமல் போனது. அவ்வளவு தூரமும் நான் ஓட்டியதுதான். அதில் என் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், என் அப்பாவின் ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் மீட்டரைப் பார்த்தார். பிறகு குனிந்து பிரேக் மிதியைப் பார்த்தார். மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அந்தத் தேய்மானத்தைத் திருப்பிவிட எனக்கு ஆள் கிடைத்திருக்கவில்லை. அவர் காரை ஓட்டிக்கூடப் பார்க்காமல் கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த மாதம் என் தங்கை வீட்டுக்காரருக்கு வேலை போனது. தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். போனில் கூப்பிடுகிறவர்களை ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போகலாம் என்று முடிவு செய்தார். அவர்கள் இருப்பது டுரியான் துங்காலில். பக்கத்திலேயே பல்கலைக்கழகம் இருந்ததால் மாணவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கு ஒரு கார் வேண்டும். என்னிடம் ஒரு கார் இருந்தது.

சொல்லிவிடத்தான் நினைத்தேன். அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தார். பத்து வருடத்தில் அறுபதுதான் ஓடியிருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டார். வெளியே நின்ற என் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா, மச்சான் எப்படி வச்சிருந்திருக்காரு. கார்னா இப்படி வச்சிருக்கணும்."

ஒரு பொருளை நன்றாக வைத்திருப்பதாக அதுவரை என்னை யாரும் பாராட்டியதில்லை. என் மனைவி அங்கே இருந்திருந்தால் அந்த நிமிடமே எல்லாம் வெளியே வந்திருக்கும். அவள் வரவில்லை.

மாப்பிள்ளை எதையும் எழுதி வைக்கிற மனிதர். ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகத்தில் காரின் பெயரை எழுதி, கியர் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். நாற்பதில் என்றேன். பிறந்த தேதியைச் சொல்வதுபோல அவ்வளவு இயல்பாக வந்தது. அவர் கோடு போட்டு எழுதிக்கொண்டார். அடுத்தது எண்பதாயிரம்.

அவர் ஓட்டிய ஓட்டத்துக்கு ஆறு மாதத்தில் எண்பது வந்துவிட்டது. அது தீபாவளி வாரம். பட்டறை பூட்டியிருந்தது. அவரும் ஓய்வெடுக்காமல் ஓட்டினார், பண்டிகை நாட்களில் கூப்பிடுகிறவர்கள் அதிகம். பட்டறை திறந்தபோது மீட்டர் எண்பத்திரண்டைத் தொட்டிருந்தது. துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பட்டறைக்காரர் அறுபது வயதுத் தமிழர். அந்தப் பக்கத்தில் எல்லாரும் அவரை ஃபோமன் அண்ணன் என்பார்கள். அவர் காரை ஓடவிட்டுக் கியரை டிரைவுக்குத் தள்ளினார். ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் கார் நகரப் பார்த்தது. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் அதே தயக்கம். காரை மேலே தூக்கிவிட்டு, அடியில் நின்றுகொண்டு, ஸ்பானரை எண்ணெய் வடிக்கிற போல்ட்டில் மாட்டிய பிறகு கேட்டார்.

"மீட்டர் ஒரிஜினல்தானே தம்பி? எம்பதுனா மாத்திடலாம். ரெண்டு லட்சம் பக்கம் ஓடி, ஒரு தடவகூட மாத்தாத கியர்னா நான் தொட மாட்டேன். உள்ள கிடக்குற அழுக்குதான் தகட்ட புடிச்சிக்கிட்டு இருக்கும். புது எண்ணெய் ஊத்துனா வழுக்கிடும், அப்புறம் கார் நகராது."

மாப்பிள்ளை நோட்டுப்புத்தகத்தை விரித்துக் காட்டினார். நாற்பதில் மாற்றியது என் பெயரோடு அதில் இருந்தது.

அந்த இடத்தில் உண்மையான எண்ணைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம். ஒரு தடவைகூட மாற்றாதது. போல்ட் திறப்பதற்குள் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"அண்ணே, அந்த மீட்டர நான் திருப்பிட்டேன் அண்ணே. நாப்பதுல மாத்துனது என் சட்டைய மட்டும்தான்."

மைக்கில் பேசுகிற குரல் அது. என்னிடம் வேறு குரல் இல்லை என்று பிறகு பலமுறை எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. இந்தக் குரலில் சொன்னால் சொன்னதாகவும் ஆகும், யாரும் நம்பவும் மாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஃபோமன் அண்ணன் சிரித்தார். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"மச்சான் வந்தாலே இப்படித்தான் லா. நீங்க தொறங்க அண்ணே."

நானும் சிரித்தேன். போல்ட் திறந்தது.

புது கியர் எண்ணெய் சிராப் தண்ணீர்போலச் சிவப்பாக இருக்கும். அன்றைக்கு விழுந்தது பால் விடாத கோப்பி ஓ. கருகல் வாடை வந்தது. ஃபோமன் அண்ணன் இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். அடித்தட்டைக் கழற்றினார். அதிலிருந்த காந்தத்தில் இரும்புத் தூள் முள்முள்ளாக நின்றது. அவர் சிரிப்பு போய்விட்டது. மாப்பிள்ளையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

நான் கேட்டேன், "அண்ணே, பழசையே திருப்பி ஊத்த முடியுமா?"

மாப்பிள்ளை இதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார். என் வாழ்க்கையில் நான் சீரியஸாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். ஃபோமன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. காந்தத்தைத் துணியால் துடைத்தார். அடியில் விழுந்தது எத்தனை லிட்டர் என்று அளந்து, அதே அளவு புதிய எண்ணெயை ஊற்றினார். பாதி எண்ணெய்தான் கீழே இறங்கும், மீதி உள்ளேயே நின்றுவிடும், அந்தப் பழசு இருக்கிறவரை ஓடலாம் என்றார். எஞ்சின் சூடானதும் ஓடவிட்டே அளவு பார்த்தார். மெஷின் வைத்துக் கியரை மொத்தமாகக் கழுவ மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று மாப்பிள்ளையிடம் இரண்டு தடவை சொன்னார். நான் கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, வீட்டில் போய்ச் சொல்லிடு தம்பி என்று மெதுவாகச் சொன்னார். சரி என்றேன்.

ஒன்பது நாள் கார் வெண்ணெய்போல ஓடியது. மாப்பிள்ளை போன் செய்து சொன்னார். ஒன்பது நாளும் நான் நன்றாகத் தூங்கினேன். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பத்தாவது நாள் ஒரு மாணவியைப் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு போகும்போது, ஆயர் குரோ நெடுஞ்சாலைக்கு ஏறுகிற மேட்டில் எஞ்சின் அலறியது. கார் ஏறவில்லை. பிறகு பின்னால் வழுக்கியது. அந்தப் பெண் இறங்கி வேறு காரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளையின் காரை லாரி தூக்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கியது. கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு அந்த வீட்டில் வழியில்லை. என் வீட்டிலும் இல்லை.

இப்போது அவர் தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் காவல் வேலை பார்க்கிறார். மோட்டார்சைக்கிளில் போகிறார். போக ஒரு மணி நேரம், மழை பெய்தால் அதற்கும் மேல். நோட்டுப்புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறார்: இரண்டாயிரம் கிலோமீட்டர் தாமதம். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்கிறார். தீபாவளிக்கு முந்தின வாரமே போயிருக்க வேண்டும், சோம்பேறித்தனம், தன் தப்பு என்கிறார். சொந்தக்காரர்கள் தலையாட்டிவிட்டு, தங்கள் காரின் மீட்டரைப் பார்க்க எழுந்து போகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க நிதானமாகப் பேசிப் பழகிக்கொண்டு போனேன். அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓடாத காரையும் வாரம் ஒரு முறை கழுவுகிறார். தங்கை டீ கொண்டு வந்து கொடுத்தாள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"மாப்ளே, அந்த மீட்டரு இருக்குல்ல..."

"நீங்க திருப்புனது. அதானே மச்சான்?"

முடிக்கும் முன்பே சிரித்துவிட்டார். பட்டறையில் நான் சொன்ன ஜோக்கை ஹோட்டலில் கூட வேலை செய்கிறவர்களுக்குக்கூடச் சொல்லியிருக்கிறாராம். இந்தக் கார் விஷயத்தில் சிரிக்க அது ஒன்றுதான் மிச்சம் என்றார். தங்கையும் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது. நான் டீயை எடுத்துக் குடித்தேன்.

காரின் அடியில் தரையைக் கழுவ வேண்டும், கொஞ்சம் முன்னால் தள்ளலாம், நீங்கள் உள்ளே உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை நியூட்ரலுக்கு மாற்றினேன். மீட்டர் வெளிச்சத்தில் எண்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்று தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவர்கள் இரண்டு பேரும் மூச்சுப் பிடித்துத் தள்ளுகிற சத்தம் கேட்டது. கார் அசையவில்லை. மறுபடியும் தள்ளினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, என் கால் இன்னும் பிரேக்கில் இருந்தது. வழவழவென்று தேய்ந்த அந்த ரப்பரில்.

"பாத்தியா, மச்சான் வெளையாடுறாரு," என்றார் மாப்பிள்ளை. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்கள்.

நான் காலை எடுத்தேன்.